பாஸ் மீனுக்கு எந்த ராடில் எந்த ரீல்: டெக்சாஸ் ஏரிகளில் சில வருடப் பழக்கம்

புதிதாக ராட், அதாவது தூண்டில் கோல், வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் நல்லது?" நான் பதிலுக்குக் கேட்பது, "ஒற்றை முள்ளா, மும்முள்ளா?" வீசப்போகும் லூரில், அதாவது செயற்கை இரையில், தடித்த ஒற்றை முள் இருந்தால் அதற்கு ஒரு வகை ராட். மெல்லிய மும்முள் தொங்கினால் அதற்கு வேறு வகை. முள் தெரிந்தால் லைன் (தூண்டில் நரம்பு) தெரியும், லைன் தெரிந்தால் அதைச் சுற்றும் ரீல் தெரியும். பிராண்டைப் பற்றி அதற்குப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நான் இருப்பது டாலஸுக்கு வடக்கே. வேலை முடிந்த மாலைகளில் பக்கத்துக் குளங்கள், வார இறுதியில் ரே ராபர்ட்ஸ் அல்லது லூயிஸ்வில் ஏரி, நண்பர் படகோடு கிளம்பினால் லேக் ஃபோர்க். லேக் ஃபோர்க் 1980-ல் சபைன் ஆற்றின் கிளையோடை ஒன்றில் அணை கட்டி உண்டாக்கிய ஏரி. ஏறத்தாழ 27,000 ஏக்கர். பல பகுதிகளில் மரங்களை வெட்டாமலே தண்ணீரை நிரப்பிவிட்டார்கள், மொட்டை மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் லார்ஜ்மவுத் பாஸ் சாதனையான 18.18 பவுண்டு மீன் 1992 ஜனவரியில் கிடைத்ததும் இங்கேதான். மரமும் பாசியும் மண்டிய இந்தத் தண்ணீரில் பழகியவன் சொல்வது இது. தெளிந்த, பாறை அடித்தள ஏரிகளில் பிடிப்பவர்கள் என் கணக்கிலிருந்து கொஞ்சம் இறங்கி வரவேண்டும்.

ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். நீளம், பவர், ஆக்‌ஷன், எத்தனை பவுண்டு லைன், எத்தனை அவுன்ஸ் லூர், எல்லாம் அங்கே இருக்கும். பவரையும் ஆக்‌ஷனையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர்: லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி. எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது ஆக்‌ஷன்: நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், நடுவரை வளைந்தால் மாடரேட். ஹெவி பவரில் மாடரேட் ஆக்‌ஷனும் உண்டு, லைட் பவரில் ஃபாஸ்டும் உண்டு.

கிராங்க்பெய்ட் ராடிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் அலட்சியம் செய்வது அதைத்தான். கிராங்க்பெய்ட் என்பது முன்னால் உதடு நீட்டிய, சுற்றி இழுத்தால் முங்கி நீந்தும் லூர். அதில் இரண்டு சிறிய மும்முள்கள் இருக்கும். மீன் கடிக்கும்போது பெரும்பாலும் ஒரு முள்தான் உதட்டோரம் ஏறியிருக்கும், அதுவும் ஆழமாக இருக்காது. படகுக்குப் பக்கத்தில் வந்து மீன் தலையை உதறும்போது விறைத்த ராட் அந்த உதறலை அப்படியே முள்ளில் இறக்கிவிடும். சதை கிழிந்து முள் கழன்றுவிடும். நடுவரை வளைந்து கொடுக்கும் ராட் அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. ராட் சற்றுத் தாமதமாக எதிர்வினை செய்வதால், நாம் பதறிச் சுண்டுவதற்குள் மீன் லூரை முழுதாக வாய்க்குள் வாங்கிவிடுகிறது. அதனால்தான் இதற்கு கிராஃபைட்டைவிட ஃபைபர் கிளாஸ், அல்லது இரண்டும் கலந்த ராட். செயின்ட் கிராய் நிறுவனத்தின் மோஜோ பாஸ் கிளாஸ் வரிசையில் ஒன்றை வைத்திருக்கிறேன். கையில் எடுத்தால் கனமாகத் தெரியும், கடைக்காரர் ஆட்டிக் காட்டினால் தொளதொளவென்று இருக்கும், கடையில் யாருக்குமே பிடிக்காது. தண்ணீரில் அந்தத் தொளதொளப்புதான் வேலை செய்கிறது. முன்னால் உலோகத் தகடு ஆடும் பிளேடட் ஜிக் வீசவும் இதையே எடுத்துக்கொள்கிறேன். அதில் இருப்பது ஒற்றை முள்தான், மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு. ஓடிக்கொண்டே இருக்கும் லூரை மீன் பாய்ந்து கடிக்கும் இடங்களில் மென்மையான ராட் நன்றாகவே உதவுகிறது.

இந்த ராடுக்கு ரீல் மெதுவாக இருக்கவேண்டும். ஸ்ட்ரைக் கிங் 6எக்ஸ்டி போன்ற ஆழ்முங்கி லூர் ஒரு அவுன்ஸ் கனம், 19 அடி வரை இறங்கும். அதன் அகன்ற உதடு தண்ணீரை வாரித் தள்ளிக்கொண்டே வரும். 7-க்கு மேற்பட்ட கியர் விகிதத்தில் (கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஸ்பூல், அதாவது லைன் சுற்றிய உருளை, எத்தனை முறை சுழலும் என்பது) இதை அரை நாள் சுற்றினால் மாலையில் காபி டம்ளரைத் தூக்கவே மணிக்கட்டு மறுக்கும். 5.5:1 விகிதத்தை ஒட்டிய ரீல் சைக்கிளில் மேடேறும்போது போடும் கியர் மாதிரி, ஒரு சுற்றுக்குக் குறைவாகத்தான் இழுக்கும், ஆனால் சிரமம் தெரியாது. "வேக ரீலை மெதுவாகச் சுற்றினால் போதாதா?" என்பார்கள். ஆழமில்லாத சதுர உதட்டு லூருக்குப் போதும். ஆழ்முங்கிக்குப் போதாது, ஏனென்றால் கையை வாட்டுவது வேகமல்ல, பளு.

விகிதத்தை மட்டும் பார்க்காமல் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் இழுக்கிறது என்பதையும் பாருங்கள். ஷிமானோ குராடோ கே 200-ல் 6.2:1 ரீல் சுற்றுக்கு 26 அங்குலம், 7.4:1 என்றால் 31, 8.5:1 என்றால் 36. இது ஸ்பூல் நிறைய லைன் இருக்கும்போது வரும் கணக்கு. பாதி லைன் வெளியே போய்விட்டால் சுற்றளவு குறைந்து இழுப்பும் குறையும். சின்ன ஸ்பூல் உள்ள ரீலில் 7 விகிதம் இருந்தும் பெரிய ஸ்பூலின் 6 விகிதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும்.

அடுத்தது தவளை. நம் ஊரில் விராலுக்கு ரப்பர் தவளை போடுபவர்களுக்கு இந்தப் பகுதி புதிதாக இருக்காது, இங்கே பாஸுக்குப் போடுவதும் அதே உள்ளீடற்ற தவளைதான். அல்லி இலைமீதும் ஹைட்ரில்லா மெத்தைமீதும் வழுக்கிக்கொண்டு வரும் தவளையின் முதுகோடு ஒட்டி இரட்டை முள் மேல்நோக்கி இருக்கும். முள் தடிமன், அதை மீனின் தாடையில் ஏற்ற வலு வேண்டும். முள் ஏறியதும் மீன் பாசிக்குள் தலையை நுழைத்துச் சுற்றிக்கொள்ளும். அதற்குள் தலையை மேலே தூக்கிவிட வேண்டும். எனவே 7 அடி 3 அங்குலம் அல்லது அதற்கு மேல், ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு (பின்னிய இழை லைன்), 7 அல்லது 8 விகித ரீல், டிராக்கை (மீன் இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) இறுக்கிப் பூட்டிவிடுவது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: சிலர் "ஹெவி போதாது, எக்ஸ்ட்ரா ஹெவி" என்று உலக்கையை வாங்கிவருகிறார்கள். தவளையை இடமும் வலமும் தலையாட்ட வைக்க நுனியில் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும். உலக்கையால் அது நடக்காது. இன்னொன்று, பிரெய்டை நேரடியாக ஸ்பூலில் சுற்றினால் மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் ஸ்பூல்மேல் வழுக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைப் பிரிக்க உட்கார்வார்கள். அடியில் பத்துப் பதினைந்து சுற்று சாதாரண மோனோ நரம்பைக் கொடுத்துவிட்டு மேலே பிரெய்டைக் கட்டினால் தீர்ந்தது.

ஜிக்கும் டெக்சாஸ் ரிக்கும் தனி உலகம். எடைத்தலை கொண்ட முள்ளான ஜிக், முள்ளை உள்ளே மறைத்த ரப்பர் புழுவான டெக்சாஸ் ரிக், இரண்டும் அடித்தளத்தில் ஊர்கிற லூர்கள், மரக்கிளைமேல் ஏறி இறங்குகிறவை. கடி என்பது பல நேரம் ஒரு சின்ன "டிக்", அல்லது லைன் பக்கவாட்டில் நகர்வது மட்டும். இங்கே ராட்தான் காது. உங்கள் பட்ஜெட்டில் ஒரே ஒரு விலையுயர்ந்த பொருளுக்குத்தான் இடம் என்றால் அது ஜிக் ராடாக இருக்கட்டும். கிராங்க்பெய்ட்டில் மீன் கடித்ததைத் தோள்பட்டை சொல்லிவிடும், தவளையில் கண் சொல்லிவிடும், ஜிக்கில் மட்டும்தான் உயர்தர கிராஃபைட்டுக்குக் கொடுத்த காசு திரும்பி வருகிறது. நான் பயன்படுத்துவது 7 அடி 1 அங்குலம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட், 15 பவுண்டு ஃபுளோரோகார்பன் லைன். ஃபுளோரோகார்பனின் அடர்த்தி 1.78, தண்ணீரில் மூழ்கும். பிரெய்டு பாலிஎத்திலீன், 0.97, மிதக்கும். லைன் நேராக அடிக்குப் போவதும் மேலே வில்லாக வளைந்து கிடப்பதும் கடியை உணர்வதில் எவ்வளவு வித்தியாசம் தரும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஒரே குளத்தில் இரண்டையும் வீசிப் பார்த்தால் தெரியும். ரீல் 7 விகிதத்துக்குக் குறையக் கூடாது. லூரை நகர்த்துவது ராட். ரீலின் வேலை தொங்கலை வாரிச் சுருட்டுவது, குறிப்பாக கடித்த மீன் நம்மை நோக்கியே நீந்தி வரும்போது. நான் டாய்வா டாட்டுலா போட்டிருக்கிறேன். அதன் முன்புறத்தில் லைன் வெளியேறும் வாய் ஆங்கில T வடிவில் அகலமாக இருக்கும், வீசும்போது உரசல் குறைவு. அந்த ரீல்தான் வேண்டும் என்றில்லை, அந்த விலையில் இன்று வரும் எதுவும் போதும்.

ராடுக்குக் கீழே தொங்கும் ரீல் வகையான ஸ்பின்னிங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எடை குறைந்த லூர்கள், அதாவது நெட் ரிக், டிராப் ஷாட், நடுவில் முள் குத்திய சென்கோ புழு, இவற்றுக்கு 7 அடி மீடியம் லைட் அல்லது மீடியம் ராட், 2500 அளவு ரீல், 10 பவுண்டு பிரெய்டு, முனையில் 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். என்னிடம் இருப்பது ஷிமானோ நாஸ்கி. வீசியதும் லைனைப் பிடித்துச் சுற்றும் பெயில் கம்பியைக் கையால் மூடுங்கள், கைப்பிடியைச் சுற்றி மூடாதீர்கள், நூல் முறுக்கு குறையும். முள் மெல்லியது, எனவே சுண்ட வேண்டாம், ராடைத் தூக்கிக்கொண்டே சுற்றினால் தானே ஏறும்.

யாரும் பேசாத விஷயம் ஒன்று, எடைச் சமநிலை. விளம்பரங்களில் "150 கிராம் ரீல்" என்று பெருமையாகப் போடுவார்கள். ஏழரை அடி ஹெவி ராடில் அதை மாட்டினால் நுனி தலைகுப்புற விழும், அதை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிப்பது நம் மணிக்கட்டு. 200 கிராமைத் தாண்டிய பழைய ரீலை அதே ராடில் மாட்டினால் மொத்த எடை கூடும், ஆனால் கை ஓயாது. கடையில் ரீலோடு சேர்த்து ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள், ரீலுக்கு ஓரிரு அங்குலம் முன்னால் சமநிலை வந்தால் நல்ல ஜோடி. ரீல் இல்லாமல் ராடை மட்டும் ஆட்டிப் பார்ப்பது பெண் வீட்டாருக்காக மாப்பிள்ளையின் சட்டையை மட்டும் அனுப்பிவைக்கிற கதை.

கைப்பிடி இடமா வலமா என்பதையும் வாங்குமுன் முடிவுசெய்யுங்கள். ஸ்பின்னிங் ரீலில் மாற்றிக்கொள்ளலாம், ராடின் மேல் உட்காரும் பெய்ட்காஸ்டரில் (மேலே சொன்ன மற்ற ரீல்கள் இவைதான்) முடியாது. வலக்கையால் வீசி இடக்கையால் சுற்றுவது எனக்கு வசதி, கை மாற்றும் அந்த ஒரு கணத்தில் தவறும் கடிகள் மிச்சம். இங்குள்ள மூத்த பாஸ் பிரியர்கள் பலர் வலக்கைச் சுற்றுக்காரர்கள். எதுவானாலும் எல்லா ரீலும் ஒரே பக்கமாக இருக்கட்டும்.

வருடக்கணக்கில் எது தேய்ந்தது? ரீலின் கியர் அல்ல. முதலில் போனது ராடின்மேல் லைன் நுழைந்து போகும் கைடு வளையத்தின் உட்பக்கப் பீங்கான். விரிசல் கண்ணுக்குத் தெரியாது, லைன் மட்டும் காரணமில்லாமல் அறுந்துகொண்டே இருக்கும். பஞ்சை வளையத்துக்குள் சுற்றித் தேய்த்தால் விரிசலில் இழை மாட்டும். அடுத்து, லைனை இடவலமாக அடுக்கும் லெவல்வைண்ட் பகுதி, கரையோர மணலுக்கு அது பரம விரோதி. ஒரு துளி எண்ணெயும் பழைய பல்துலக்கியும் போதும். டெக்சாஸ் கோடையில் கார் டிக்கியில் ரீலை விட்டால் ஃபுளோரோகார்பன் சுருள்கம்பியாகிவிடும். ராட்கள் மீனோடு போராடி முறிவதைவிட கார் கதவிலும் மின்விசிறியிலும் மாட்டி முறிவதே அதிகம். என் ஜிக் ராட் ஒன்றின் நுனி அப்படிப் போனபோது, வாரண்டியில் மாற்றித் தர அந்த நிறுவனம் கேட்ட அனுப்புச் செலவில் ஒரு சுமாரான புது ராடே வாங்கியிருக்கலாம். நிபந்தனைகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

வலுவான ஜோடிக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரையிலான பாஸைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். வெந்நீர் மாதிரி இருக்கும் ஆகஸ்ட் தண்ணீரில் மெல்லிய ராடால் நீண்ட நேரம் இழுத்துக் களைக்க வைத்த மீன், விட்டாலும் பிழைப்பது சந்தேகம். "பிடிச்சதைத் திருப்பி விடவா இவ்வளவு செலவு?" என்று ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் கேட்டார். விரால் குழம்பு தெரிந்தவரிடம் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. முதலில் 7 அடி 1 அங்குல மீடியம் ஹெவி ஃபாஸ்ட், அதில் 7 விகித ரீல். டெக்சாஸ் ரிக், ஜிக், ஸ்பின்னர்பெய்ட், அவசரத்துக்குத் தவளை என்று பாதிக்கு மேல் இதுவே சமாளிக்கும். இரண்டாவது ஸ்பின்னிங். மூன்றாவது கிளாஸ் ராடும் மெதுவான ரீலும். தவளை ராட் உங்கள் குளத்தில் பாசி மெத்தை இருந்தால் மட்டும். ஊருக்குப் போகும்போது விராலுக்கும் எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் அதை மட்டும் துண்டாகப் பிரியும் ராடாக வாங்குங்கள். பாஸ் ராட்களில் பெரும்பாலானவை ஒரே துண்டு, ஏழடிக் குழாயை விமானத்தில் ஏற்றுவதற்குக் கேட்கும் காசும் கேள்விகளும் தனி.