தண்ணி ரிங்கா, ஆயில் ரிங்கா? ஐப்பசில செங்கல் சேம்பரை (சூளைய) மூடுறவங்களுக்கு எந்த வேக்குவம் பம்ப் தோது

காரைக்குடி பக்கம் வயர்கட் செங்கல் (மெஷின்ல பிதுக்கி கம்பியால அறுக்குறது) போடுற நம்மாளுங்க வேக்குவம் பம்ப் எப்படி ஓடுதுன்னு மட்டும் பாத்து வாங்கிடுறாங்க, ஆனா ஐப்பசி பொறந்தா தை வரைக்கும் மழைக்கு அது சும்மாதானே கெடக்குது, அந்த மாசங்களப் பத்தியும் யோசிக்கணும்.

தண்ணி ஊத்தி ஓடுறது தண்ணி ரிங், ஆயில் ஊத்தி ஓடுறது ஆயில் ரிங், வேலை செய்யுற விதம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். கூட்டுக்குள்ள இம்பெல்லர் (இறக்கை வச்ச சக்கரம்) மையத்த விட்டுத் தள்ளி உக்காந்திருக்கும், சுத்துறப்ப உள்ள இருக்க திரவம் சுவரோரமா வளையமா ஒட்டிக்கும், நடுவுல பிறை மாதிரி எடம் விழும், அங்க ரெண்டு இறக்கைக்கு நடுவுல இருக்க அறை அகலமாகுறப்ப பக்மில்லுல (மண்ணு பிசையுற மெஷின்ல) இருக்க காத்த இழுக்கும், குறுகுறப்ப வெளிய தள்ளும்.

தண்ணி ரிங் வெல கம்மி, மண் தூசி வந்தாலும் தண்ணியோட போயிடும், இது பெரிய ப்ளஸ். ஆனா நம்ம சித்திரை வெயிலுக்கு டேங்க் தண்ணி 40 டிகிரி வந்துச்சுன்னா 55 மி.மீ பாதரச அழுத்தத்துலயே கொதிச்சு ஆவியாகும், அதனால காத்தழுத்தம் 760ல அந்த 55 போக, வேக்குவம் மீட்டர் 705 மி.மீக்கு மேல கணக்குக்குக்கூட ஏறாது. உப்புத்தண்ணின்னா உள்ள காறை வேற.

ஆயில் அவ்வளவு லேசுல ஆவியாகாது, வேக்குவம் நல்லா கெடைக்கும். அதே ஆயில்தான் செபரேட்டர் (காத்தையும் ஆயிலையும் பிரிக்கிறது), கூலர்னு சுத்தி வரும். கெட்டியா இருக்கறதால கரண்ட் கூட இழுக்கும், தூசி உள்ளயே தங்கும், ஃபில்டர் இல்லாம ஓட்டவே கூடாது. ஈரம் சேந்தா ஆயில் மோர் மாதிரி வெளுத்துடும், அடியில தேங்குற தண்ணிய வடிச்சே ஆகணும்.

எனக்கு ஆயில்தான்னு தோணுனது ஒரு தை மாசம். தண்ணி ரிங்க வடிக்காமயே மூடிட்டோம், தொறந்தப்ப கப்ளிங் (மோட்டாரையும் பம்ப்பையும் சேக்குற இணைப்பு) அசையவே இல்ல, இம்பெல்லருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவுல இருக்க மயிரிழை எடம் பூரா செந்துரு.

ஆயில்னாலும் அப்படியே போட்றக் கூடாது. வெளுத்த ஆயில வடிச்சுட்டு புது ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் ஓட்டணும், காத்து உள்ள வர்ற, வெளிய போற ரெண்டு வாயையும் தகடு வச்சு அடைக்கணும், வாரம் ஒருக்கா சாஃப்ட்ட கையால சுத்தி வேற எடத்துல நிப்பாட்டணும், இல்லன்னா பேரிங்குல தடம் விழும். மூடுறப்ப பம்ப் நெறைய ஆயில் ஊத்தி வச்சிருந்தா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாஃப்ட் மட்டத்துக்கு எறக்கிடுங்க, நெறஞ்ச பம்ப்ப ஓட்டுனா மோட்டார் ட்ரிப் ஆயிடும்.