மெழுகா, எண்ணெய்க் குழாயா? வன்னிக் கோயில்களுக்கு ஏற்ற பாஸ்காத் திரி எது

பாஸ்காத் திரியை, அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்திய திருவிழிப்பு இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியை, அந்த இரவோடு வேலை முடிகிற பொருளாக நினைத்து வாங்குவதுதான் பெரும்பாலான பங்குகள் விடும் பிழை. பெந்தெகொஸ்தே வரையான 50 நாளும் அது பூசைக்கு எரியும். பிறகு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். பிள்ளைக்குக் கொடுக்கும் திரியை அதிலிருந்துதான் கொளுத்துவார்கள். அடக்கப் பூசையில் பெட்டியருகே நிற்பதும் அதுவேதான். ஆகவே கடையில் பார்க்கும்போதே அடுத்த மார்கழியையும் யோசிக்க வேண்டும்.

வாங்கக் கிடைப்பவை மூன்று வகைக்குள் அடங்கும். முதலாவது பிளாஸ்டிக் குழாய்; உள்ளே திரவப் பரபின் என்ற எரியெண்ணெய்ப் புட்டி. சொட்டாது, வளையாது, உயரமும் குறையாது. கோயிலைப் பராமரிக்கிறவர்களுக்கு இதில் ஆசை வருவது இயல்பு. ஆனால் 1988இல் வத்திக்கான் வெளியிட்ட பாஸ்காக் கொண்டாட்டச் சுற்றறிக்கையின்படி திரி மெழுகால் ஆனதாகவும், ஒன்றே ஒன்றாகவும், ஆண்டுதோறும் புதியதாகவும் இருக்க வேண்டும். இந்தக் குழாய் மெழுகும் அல்ல, ஆண்டுதோறும் புதியதும் அல்ல; மூன்றில் இரண்டில் தவறுகிறது. வேண்டாம்.

இரண்டாவது முழுப் பரபின், அதாவது பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு. விலை குறைவு, வெள்ளை வெளேரென்று இருக்கும். சிக்கல் நமது சித்திரை வெயில். பரபின் உருகுவதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் சாய்த்து வைத்தால் பெரிய வெள்ளிக்கு முன்பே வளைந்துவிடும். பலகையில் படுக்கவைத்து வெள்ளைத் தாளால் சுற்றுங்கள். பத்திரிகைத் தாள் என்றால் மை ஒட்டும். வளைந்ததை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மேசையில் உருட்டி நிமிர்த்தலாம், ஸ்டிக்கர் ஒட்டிய திரியில் அதுவும் முடியாது.

மூன்றாவது தேன்மெழுகு கலந்தது. தேன்மெழுகு உருக 62 முதல் 64 பாகை செல்சியஸ் வேண்டும். வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: பரபின் தூளாக உதிரும், கலவை சுருளாக எழும்பும். விலை அதிகம்தான். ஆனாலும் திருவிழிப்பில் இந்தத் திரியின் முன் பாடும் பாஸ்காப் புகழுரையில் தேனீக்களின் உழைப்பைப் பாடிவிட்டு முழுப் பரபினை ஏற்றி வைப்பது, அதுவும் காட்டுத்தேன் எடுக்கிற வன்னியில், கொஞ்சம் கூச்சமான காரியம். எங்கள் தெரிவு இதுவே.

அளவில் ஏமாற வேண்டாம். இரண்டரை அங்குல விட்டமும் இரண்டடி உயரமும் கொண்ட திரி ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ. மணிக்கு ஏழெட்டு கிராம் எரிந்தாலும் 200 மணி நேரத்துக்கு மேல் வரும். ஒரு வருடத்துக்குத் தாராளம். அதைவிடத் தடித்தது வாங்கினால், அரை மணி நேரப் பூசைகளில் நடுவில் மட்டும் குழி விழுந்து, உருகிய மெழுகில் நூல் மூழ்கிவிடும். குழி விழாதிருக்க, விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிய வேண்டும் என்பது கணக்கு. திருவிழிப்பு இரவின் நீண்ட வழிபாடு முதல் எரிப்புக்குச் சரியாக அமைகிறது, இடையில் அணைத்துவிடாதீர்கள். நூலை ஒவ்வொரு முறையும் கால் அங்குலத்துக்கு வெட்டுங்கள். மின்விசிறிக்குக் கீழே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வழியும்.

திரியில் பதித்திருக்கும் ஆண்டு இலக்கங்களையும் பாருங்கள். பழைய சரக்கில் கடைசி இலக்கத்தைச் சுரண்டி மாற்றியிருப்பார்கள். திருவிழிப்பில் திரியில் சிலுவை வடிவில் குத்தும் ஐந்து சாம்பிராணி மணிகளுக்கான துளைகள் முன்கூட்டியே இருக்க வேண்டும். மேல், நடு, கீழ், இடம், வலம் என்ற வரிசையில் குத்தும்போது துளை இல்லாத திரி வெடிக்கும். இல்லையென்றால் சூடாக்கிய ஆணியால் முதல்நாளே போட்டுக்கொள்ளுங்கள்.

சனங்களுக்கான சிறு திரியில் பிறந்தநாள் கேக் திரிபோல மெல்லியதைத் தவிருங்கள். புகழுரைக்கு ஒருமுறை, ஞானஸ்நான வாக்குறுதிகளைப் புதுப்பிக்க மறுமுறை என்று இருதரம் எரிய வேண்டும். அரை அங்குலத் தடிப்பில் ஆறு அங்குலம் போதும். நாலு அங்குல மட்டை வட்டத்தில் சிலுவைக் கீறல் போட்டுச் செருகினால் கையில் சொட்டாது. வேட்டியில் சொட்டினால் தேய்க்காமல் ஆறவிட்டுச் சுரண்டி, மேலும் கீழும் தாள் வைத்து அயன் பண்ணுங்கள்.

ஞானஸ்நானத் திரியை மட்டும் கொஞ்சம் தடிப்பாக வாங்குங்கள். அது வீட்டில் இருந்து, பிள்ளையின் ஞானஸ்நான நாளில் வருடாவருடம் ஏற்றப்பட வேண்டியது. கரண்ட் போகும்போது முதலில் கையில் அகப்படுவதும் அதுதான் என்பதால், அதற்கென்று வேறு திரி ஒரு பெட்டி சேர்த்து வாங்கிவிடுங்கள்.