91,000 கிலோமீட்டருக்குப் பிறகு என் வி-ஸ்ட்ரோம் 650

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்ப்பது என் வேலை. தூத்துக்குடியிலிருந்து வந்தவன், சாட்ஸ்வொர்த்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டேன். பகலெல்லாம் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, வீட்டில் நிற்கும் வண்டியாவது சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். 2019 மார்ச்சில் பைக் தேடியபோது எனக்கிருந்த ஒரே நிபந்தனை அதுதான். நண்பர்கள் 1,200 சிசிக்குக் குறைந்தால் நெடும்பயணத்துக்கு உதவாது என்றார்கள். நான் 6,200 கிலோமீட்டர் ஓடியிருந்த 2017 மாடல் சுசுகி வி-ஸ்ட்ரோம் 650-ஐ 92,000 ரேண்டுக்கு வாங்கினேன். கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்த அந்த வண்டியில் இன்றைய கணக்கு 91,640.

முதலில் என்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 645 சிசி, இரண்டு சிலிண்டர், 71 குதிரைத்திறன். என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க் போகிறவர்களுக்குத் தெரியும், டர்பனை விட்டதுமே ஏற்றம்தான். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, மூய் ரிவர் தாண்டி, வான் ரீனென் கணவாயில் ஏறும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்துக்கு வந்துவிடுவோம். காற்று மெலிய மெலிய எந்த என்ஜினும் சற்றுத் தளரும். தனியாகப் போனால் இந்த வண்டி ஆறாவது கியரிலேயே ஏறிவிடுகிறது. பின்னால் ஆளும் இருபுறமும் பெட்டியும் இருந்தால், லாரி வரிசையைக் கடக்க நான்காவதற்கு இறக்க வேண்டும். அப்படி இறக்கியதும் அது தயங்கியதே இல்லை. சட்டம் அனுமதிக்கும் 120-இல் நாள் முழுவதும் போகலாம். அதற்கு மேல் வேகம் வேண்டுபவருக்கு இது வண்டியல்ல.

என் கையில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கிறது. டாங்க் 20 லிட்டர். டர்பனில் நிரப்பினால், ஜோகன்னஸ்பர்க் போகும் வழியில் பாதி தூரத்துக்கு மேல் இருக்கும் ஹாரிஸ்மித்தில் பெட்ரோலுக்கும் தேநீருக்குமாக ஒருமுறை நிறுத்தினால் போதும். இந்நாட்டில் பெட்ரோலை நாமே நிரப்பிக்கொள்ள முடியாது. பங்க் ஊழியர்தான் நிரப்ப வேண்டும். டாங்கின் வாயைத் திறந்து, விளிம்பு வரை ஊற்ற வேண்டாம் என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். சுங்கச்சாவடியில் பைக்குக்கும் காருக்கும் ஒரே கட்டணம். மழையில் கையுறையைக் கழற்றி அட்டையை எடுக்கும் பாடு காரில் போகிறவர்களுக்கு இல்லை.

இருக்கையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. இதற்காக எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொருவர் உடலும் ஒவ்வொரு மாதிரி. சோபா தைக்கும் பெரியவர் ஒருவர் நுரையை மாற்றித் தைத்துக் கொடுத்தார். அது முதல் வலி இல்லை. நான் உயரமானவன் என்பதால் முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் எழும் காற்று ஹெல்மெட்டில் அடித்தது. ஒரு கை அகலத்துக்கு நீட்டிப்புத் துண்டு வாங்கி மாட்டினேன். அந்த இரைச்சல் நின்ற நாளில்தான் என்ஜினின் உண்மையான குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

பெட்டி விஷயத்தில் ஏமாந்தேன். உள்ளூர்க் கடை ஒன்றில், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்காது என்று சொல்லி அலுமினியப் பெட்டிகளை விற்றார்கள். ஈஸ்ட் லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது கோக்ஸ்டாட்டில் பிடித்த மழை ம்தாத்தா வரை விடவில்லை. விடுதியில் திறந்து பார்த்தால் மனைவியின் பட்டுப்புடவை தண்ணீரில் மிதக்கிறது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைக்காரர் பணம் திருப்பித் தரவும் இல்லை. பெட்டி வாங்குகிறவர்கள் கடையிலேயே குழாய்த் தண்ணீரை அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

அதே பயணத்தில்தான் பின் டயரில் ஆணி ஏறியது. டியூப் இல்லாத டயர் என்பதால் சக்கரத்தைக் கழற்றாமலே ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்து, கால் மணி நேரத்தில் கிளம்பினோம். அந்தச் சாலையில் பொழுது சாய்ந்த பிறகு மாடும் ஆடும் தாரின் மேல் படுத்துக் கிடக்கும். சூரியன் இறங்குவதற்குள் ஊர் சேர்ந்தாக வேண்டிய இடத்தில் அந்தக் கால் மணி நேரத்தின் மதிப்பு பெரிது.

இந்த வண்டியை நான் முழுமையாக நம்பத் தொடங்கியது 2023 நவம்பரில். 1913 நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியோடு சார்ல்ஸ்டவுனிலிருந்து நடந்து, தடையை மீறி டிரான்ஸ்வால் மாகாண எல்லையைக் கடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நியூகாசில் பகுதிச் சுரங்கங்களில் வேலையை நிறுத்திவிட்டு வந்தவர்கள். நூற்றுப்பத்தாவது ஆண்டில் அந்த வழியாகப் போக வேண்டும் என்று என் மாமனாருக்கு ஆசை. அவருக்கு வயது 67. "காரில் போனால் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்த மாதிரி இருக்கும், மாப்பிள்ளை. பைக்கிலேயே போகலாம்" என்றார்.

இருக்கையின் உயரம் 835 மில்லிமீட்டர். நடைபாதை விளிம்பில் வண்டியை ஒட்டி நிறுத்தினால்தான் மாமாவால் காலைத் தூக்கிப் போட முடிந்தது. பின் சஸ்பென்ஷனை இறுக்கும் திருகு பக்கவாட்டில் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கிறது, ஸ்பானர் வேண்டாம். அவர் ஏறுவதற்கு முன் அதை இறுக்கிவிட்டேன். நியூகாசிலிலிருந்து என்11 சாலையில் லெய்ங்ஸ் நெக் ஏறி இறங்கினால் சார்ல்ஸ்டவுன். அங்கிருந்து எல்லைக்கு அப்பால் இருக்கும் வோல்க்ஸ்ரஸ்ட்டுக்கு பைக்கில் சில நிமிடங்கள்தான். மாமா என் தோளைத் தட்டி, மெதுவாகப் போகச் சொன்னார். நடக்கும் வேகத்துக்கு இறங்கினேன். முதல் கியரில், கிளட்ச்சைத் தொடாமல், என்ஜின் திணறாமல் உருண்டது. நெரிசலில் ஆக்சிலரேட்டர் கொடுக்காமலே என்ஜின் சுழற்சியைச் சற்று உயர்த்திக் கொடுக்கும் ஏற்பாடு இந்த மாடலில் உண்டு. விளம்பரத்தில் படித்தபோது அதை நான் மதிக்கவில்லை. அன்று அந்த எல்லையை அப்படித்தான் கடந்தோம்.

அதற்கப்பால் ஸ்டாண்டர்டன், பால்ஃபர் வழியாகப் போகும் ஆர்23 சாலை நிலக்கரி லாரிகளால் நைந்து கிடந்தது. சில குழிகளில் வாளியைக் கவிழ்க்கலாம். முன்சக்கரம் 19 அங்குலம் என்பதன் பொருள் அங்கேதான் விளங்கியது. ஒதுங்க முடியாமல் இரண்டு குழிகளில் நேராகவே இறங்கினேன். ரிம் நெளியவில்லை, கைப்பிடியும் பறிக்கவில்லை. மறுநாள் ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபான்டெய்ன் கல்லறைக்குப் போனோம். 1914-இல் பதினாறு வயதில், சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து இறந்த தில்லையாடி வள்ளியம்மை அங்கேதான் இருக்கிறாள். மாமா சூடம் ஏற்றினார். காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. நான் ஹெல்மெட்டைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டேன்.

பராமரிப்புக்கு வருகிறேன். இதுவரை இரண்டு செயின் செட், ஐந்து பின் டயர், ஒரு பேட்டரி. முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் ஒருமுறை மாற்றினேன். அவ்வளவுதான். 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். 48,000-இல் ஒரு பட்டறைக்குப் பணம் கட்டி அதைச் செய்யச் சொன்னேன். செய்ததாக ரசீதும் கொடுத்தார்கள். 72,000-இல் நானே திறக்க உட்கார்ந்தபோது, மூடியின் போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. பழைய புழுதி அப்படியே இறுகிக் கிடந்தது. அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கிரேனில் இப்படி ஒருவன் பொய் ரசீது எழுதினால் கீழே நிற்கும் ஆளின் உயிர் போகும். அளந்து பார்த்தேன்: எக்சாஸ்ட் வால்வுகள் 0.20 முதல் 0.30 மில்லிமீட்டருக்குள், இன்டேக் வால்வுகள் 0.10 முதல் 0.20-க்குள். ஒன்றுகூடப் பிசகவில்லை. அத்தனை கிலோமீட்டருக்குப் பிறகும் அளவு மாறாமல் நின்ற அந்த என்ஜினைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மண் சாலைக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சானி கணவாயில் ஒருமுறை ஏறினேன். உச்சி 2,874 மீட்டர். தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் 170 மில்லிமீட்டர்தான், ஆயில் ஃபில்டரும் சைலன்சர் குழாயும் முன்பக்கம் கல்லடி படும் இடத்தில் இருக்கின்றன. தடித்த அடிக்காப்புத் தகடு போட்டிருந்ததால் தப்பித்தேன். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸை அணைக்கவும் வழியில்லை. சரளைக்கல் இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க அது விட்டு விட்டுப் பிடிக்கும். இறங்கும் வேகத்தை முதல் கியரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அந்த மாதிரிப் பாதையே உங்கள் விருப்பமென்றால் வேறு வண்டி பாருங்கள்.

கீழே விழுந்தால் 213 கிலோவைத் தனியாகத் தூக்குவதும் எளிதல்ல. முதுகைக் கொடுத்து, முட்டியை மடக்கி, பின்னோக்கி நடந்து தூக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செயின் செட் வாங்கி வைத்துவிட்டேன். ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்ததும் கிம்பர்லி போகத் திட்டம். மாமா தனக்கென்று ஹெல்மெட் வாங்கிவிட்டார். போன வாரம் அதை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.