வண்டலூரின் மூன்று ஸ்டாண்டர்டு கார்கள்: ஹெரால்டா, கெசலா, 2000-ஆ?

பழைய கார் சேகரிக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "இதில் எது ரொம்ப அபூர்வம்?" என்றுதான். ஸ்டாண்டர்டு கார்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியை மட்டும் நம்பி வாங்கினால் வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வராது. எது அபூர்வமோ அதற்கான சாமானும் அபூர்வம்.

1948-ல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் ஆலை வைத்துத் தயாரித்த கார்களில் இன்று விற்பனைக்கு வருகிறவை பெரும்பாலும் மூன்று: ஹெரால்டு, கெசல், ஸ்டாண்டர்டு 2000. மூன்றையும் பார்த்துவிட்டு எதை எடுப்பது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹெரால்டிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ப் பெயரில் வந்து, இங்கே 1961-ல் ஸ்டாண்டர்டு பெயரில் இறங்கியது. வரைந்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. 948 சிசி, நான்கு சிலிண்டர். அந்தக் காலத்துக் கார்கள் ஒரே கூடாக மாறிக்கொண்டிருந்தபோது இதற்கு மட்டும் தனிச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டுப் பூட்டிய பாடி. காரணம் சுவையானது. இங்கிலாந்தில் இருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் அடித்துக்கொடுக்க ஆள் இல்லாததால், பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து சேர்த்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த நெருக்கடி இன்றைக்கு நமக்கு வரம்: துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றிச் சரிசெய்து திரும்பப் பூட்டலாம்.

பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். சாய்த்துவிட்டால் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் கண்ணெதிரே. டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். திரும்பும் வட்டம் வெறும் 25 அடி. மயிலாப்பூரின் குறுகல் சந்தில்கூட ஒரே மூச்சில் திரும்பும்.

ஹெரால்டிலேயே நான் தேடச் சொல்வது 1968-ல் நான்கு கதவோடு வந்த மார்க் 3. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் உருவானது; இங்கிலாந்துக்காரரே படத்தைப் பார்த்து வியக்கும் வண்டி. அதேசமயம் எஞ்சின் சாமான் இங்கிலாந்தில் இன்னமும் புதிதாகவே கிடைக்கிறது. அபூர்வமும் சாமான் வசதியும் சேர்ந்து அமைவது இந்த மூன்றில் இதற்கு மட்டும்தான்.

வாங்கப் போனால் இரண்டு இடங்களைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். முதலாவது கிராங்க், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் முதன்மைத் தண்டு. ஒருவரை உள்ளே உட்காரவைத்து கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைச் சாய்த்து கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே பின்னே நகர்ந்தால் உள்ளே கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துபோயிருக்கிறது. அது கழன்று சம்ப்பில் (எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில்) விழுந்தபின்னும் வண்டி ஓடும். கிராங்கும் பிளாக்கும் ஒன்றையொன்று தின்னும். அதற்குப்பின் பிளாக்கைக் காப்பாற்றுவது பெரிய செலவு.

இரண்டாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் தண்டு இந்தப் பித்தளைத் துண்டுக்குள் மரையில்தான் சுழல்கிறது. அதற்குப் போடவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். பல மெக்கானிக்குகள் பார்த்ததும் கிரீஸ் கன்னை எடுத்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது, காய்ந்து கட்டியாகும், தண்ணீர் புகுந்து தண்டை அரிக்கும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு உடைந்து சக்கரம் மடங்கிவிடும். இது உயிர் விஷயம். விற்பவரிடம் "ட்ரன்னியனுக்கு என்ன போடுறீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலே வண்டியை எப்படி வைத்திருந்தார் என்று சொல்லிவிடும்.

ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது இரு பின்சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அமைப்பு. வேகமாக வளைவில் போய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1972-ல் வந்த கெசலில் இரு சக்கரத்தையும் ஒரே கட்டாக இணைக்கும் லைவ் ஆக்சில் போட்டார்கள். எஞ்சின் அதே 948 சிசி. வெளித்தோற்றத்தை மாற்றினார்கள், கிரில் மாறியது. 1975-ல் மார்க் 2 வந்தபோது முன் மட்கார்டைத் தனியே நிறுத்தி, பானெட்டை மற்றக் கார்கள்போல் திறக்கும்படி செய்தார்கள். 1977 வாக்கில் கெசல் நின்றது. மொத்தத்திலேயே குறைந்த எண்ணிக்கையில்தான் தயாரானது.

ஓட்டுவதற்குக் கெசல் நம்பிக்கையான வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வாங்குவதில்தான் சிக்கல். எஞ்சினுக்கு ஹெரால்டு சாமான் கைகொடுக்கும். பாடிக்கு யாரும் கைகொடுக்க மாட்டார்கள். கெசலுக்கென்றே மாற்றிய தகடும் கிரில்லும் வேறெந்த நாட்டிலும் போடப்படவில்லை. சென்னையின் பழைய கார் சாமான் சந்தையான புதுப்பேட்டையைச் சல்லடை போட்டாலும் கிடைப்பது அரிது. தகடு அடிக்கத் தெரிந்த கைகாரர் ஒருவரைப் பிடித்துச் செய்யத்தான் வேண்டும். அதனால் என் கருத்து கறாரானது: முழுதாக இருக்கும் கெசலுக்குச் சொன்ன விலையில் பெரிதாகப் பேரம் பேசாமல் எடுங்கள், கிரில்லும் விளக்கும் இல்லாத கெசலை இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள்.

ஸ்டாண்டர்டு 2000 வேறு ரகம். பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1, 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய வடிவம். அங்கே 3.5 லிட்டர் வி8 வரை போட்ட அந்த உடம்புக்கு 1985-ல் இங்கே கிடைத்தது 1991 சிசி, 83 குதிரைத்திறன் கொண்ட பழைய ஸ்டாண்டர்டு காரான வேன்கார்டின் வம்சத்து எஞ்சின். பட்டு வேட்டிக்காரர் கட்டைவண்டியில் வந்த மாதிரி ஆயிற்று. கனமான கார், பெட்ரோலைக் குடிக்கும், விலையும் எட்டாத உயரம். 1988-ல் காரும் நின்றது, ஆலையும் மூடியது. எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்த ஆலை அது. இந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருத்தம் வரும்.

ஆனாலும் அந்த எஞ்சினை மட்டமாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். ஃபெர்குசன் டிராக்டரிலும் ட்ரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் உழைத்த வம்சம் அது. சிலிண்டருக்குள் வெட் லைனர், அதாவது வெளிப்புறம் தண்ணீர் படும் தனிக் குழாய் இருப்பதால், உட்சுவர் தேய்ந்தால் லைனரைக் கழற்றிப் புதிது போடலாம். லைனரின் அடியில் இருக்கும் கேஸ்கட் போனால்தான் வம்பு, தண்ணீர் சம்ப்பில் இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் விலையை அப்படியே குறைத்துக் கேளுங்கள். கண்ணாடி, விளக்கு போன்றவற்றை ரோவர் சாமானாக இங்கிலாந்தில் தேடலாம்.

காகித விஷயத்தையும் பார்த்துவிடுவோம். 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது கடந்த, மூல வடிவம் கெடாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஓட்டலாம். ஹெரால்டு எல்லாமே இந்த வயதைத் தாண்டிவிட்டன, தொடக்ககாலக் கெசல்களும் அப்படியே. 2000-த்தின் முதல் வண்டிக்கே 2035 ஆகவேண்டும். அதுவரை எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

முதல் பழைய கார் வாங்குகிறவருக்கு மார்க் 3 ஹெரால்டு. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஏற்கெனவே ஒரு ஹெரால்டு வைத்திருப்பவர் முழுமையான கெசலுக்குக் காத்திருக்கலாம், எஞ்சின் சாமான் இரண்டுக்கும் பொதுவாக உதவும். 2000-த்தை எடுப்பவருக்கு நிறைய இடமும், எஞ்சினை இறக்கி ஏற்றத் தயங்காத மெக்கானிக்கும் வேண்டும். எதை எடுத்தாலும் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரை நீங்களே வண்டியில் துடைத்துப் படியுங்கள். நம்பர் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.