கோப்பிக்கடையில் ஒலிக்கும் பேய்ப்படப் பாட்டுகள்

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பல்கலைக்கழக மாணவர்கள் கூடும் ஒரு கோப்பிக்கடையில், ஒக்டோபர் இறுதியில் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹலோவீனுக்கென ஒலிக்கவிடப்படும் பாடல் தொகுப்பு, பழைய ஆங்கிலப் பேய்ப்படங்களை நேசிப்பவர்கள் நேரில் சென்று கேட்க வேண்டியதாகும். பொபி பிக்கெற் 1962 இல் பாடிய ‘மொன்ஸ்ரர் மாஷ்’ தொகுப்பைத் தொடக்கி வைக்கிறது. 1931 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஃபிராங்கன்ஸ்ரைன் என்ற விஞ்ஞானி பிணங்களின் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய பூதமாக நடித்த பொரிஸ் கார்லோஃபின் குரலை அவர் அத்தனை அன்போடு பின்பற்றுவதால், அது வெறும் வேடிக்கைப் பாட்டாக நின்றுவிடாமல், அந்த நடிகருக்குச் செய்யும் மரியாதையாகவும் அமைகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது எட்கர் வின்ரர் குழுவின் ‘ஃபிராங்கன்ஸ்ரைன்’. 1973 இல் அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்ற, பாடல் வரிகளே இல்லாத இந்த றொக் இசை, நீண்ட ஒலிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கப்பட்டதாலேயே அப்பெயரைப் பெற்றது. நல்லூர்த் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்த நம் காதுகளுக்கு, அதன் மேளப் பகுதி உடனே நெருக்கமாகிவிடும். ஜப்பானியத் திரைப்படப் பூதத்தைப் பற்றிய, புளூ ஒய்ஸ்ரர் கல்ற் குழுவின் ‘கொட்ஸிலா’வும் உண்டு.

ஆனால், டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பெயரைத் தாங்கிய, ஒன்பது நிமிடங்களைக் கடக்கும் பௌஹவுஸ் குழுவின் ‘பேலா லுகோசிஸ் டெட்’ பாட்டை இடையில் நிறுத்திவிடுவது பெருங்குறை. மெல்ல மெல்ல இருள் சூழ வைக்கும் அப்பாட்டை முழுமையாகவே ஒலிக்கவிட வேண்டும். ஒலியளவு உரையாடலுக்கு இடையூறாக இல்லை, கோப்பியும் நன்று.