46 சாமான் பெட்டியா, பொறுக்கி வாங்கிய ஸ்பேனர்களா?

வண்டி வேலையை வீட்டிலேயே பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் அந்த 46 சாமான் சாக்கெட் பெட்டியைத்தான். நானும் அதைத்தான் வாங்கினேன், 700 ரூபாய்க்குள். மூன்று வருஷம் ஓடிவிட்டது. இன்று என் ஸ்பிளெண்டர் பைக்குக்கு நான் எடுப்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கியவை, முக்கால்வாசி டபாரியா என்ற இந்திய கம்பெனியுடையவை. எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும் பெட்டி வேண்டாம், தனித்தனியாக வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பெட்டியால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். விலை குறைவு, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், சாக்கெட்டை மாட்டித் திருப்பும் கால் அங்குல ராட்செட் கைப்பிடி இடுக்கில் நுழையும். பேட்டரி டெர்மினல், சைடு கவர் மாதிரி லேசான வேலைக்குப் போதும்.

ஆனால் அதில் இருக்கும் பெரிய சாக்கெட்டே 14 தான் (அளவெல்லாம் மில்லிமீட்டரில்). ஸ்பிளெண்டரில் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட் 17. பின் சக்கர நட்டுக்கும் அந்தப் பெட்டியில் எதுவும் சேராது. ஸ்பார்க் பிளக் கழற்ற 16 அளவில் ஆழமான பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும், அதுவும் கிடையாது. ஆக, வீட்டில் எல்லோரும் முதலில் தொடும் வேலையான ஆயில் மாற்றுவதற்கே பெட்டி உதவாது.

எனக்கு முடிவைச் சொன்னது வேறொரு விஷயம். ஒரு ஞாயிறு காலையில் ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். பெட்டியில் 17 இல்லாததால் பெயர் பொறிக்காத ஓபன் ஸ்பேனர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். மாட்டும்போதே போல்ட் தலைக்கும் ஸ்பேனர் வாய்க்கும் நடுவில் ஆட்டம் தெரிந்தது. முந்தைய சர்வீஸில் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி வைத்திருந்தார்கள். பலம் கொடுத்ததும் வாய் லேசாக விரிந்து ஸ்பேனர் சறுக்கியது. குனிந்து பார்த்தால் இரண்டு மூலைகளில் புதிதாக வழித்த மாதிரி பளபளப்பு. இன்னும் இரண்டு முறை முயன்றதில் தலையே உருண்டுவிட்டது.

கடைசியில் சென்னை பாரிமுனையில் வாங்கிய அரை அங்குல சாக்கெட், உள்ளே ஆறு முகம் உள்ளது, அதைக் கீழிருந்து சுத்தியலால் தட்டி ஏற்றி, நீளக் கைப்பிடி போட்டுத் திருப்பினேன். டக்கென்று விட்டது. புது போல்ட்டுக்குச் சில்லறைதான் செலவு. ஆனால் அந்தப் போல்ட் ஏறி நிற்பது இன்ஜினின் அலுமினிய கேஸில். அதன் மரை போயிருந்தால் லேத்தில் கொடுத்து ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருளை வைத்துப் புது மரை போட வேண்டும், இல்லையென்றால் இன்ஜினைப் பிரித்துக் கேஸையே மாற்ற வேண்டும்.

அன்றிலிருந்து ஸ்பேனர் எத்தனை வருஷம் உழைக்கும் என்று நான் பார்ப்பதில்லை. போல்ட்டின் மூலையை அது என்ன செய்கிறது என்றுதான் பார்க்கிறேன். ஓபன் ஸ்பேனர் பிடிப்பது இரண்டே முகத்தை. ரிங் ஸ்பேனர் ஆறு மூலையையும் சுற்றிப் பிடிக்கும். ஆனால் வழக்கமான ரிங்கில் உள்ளே பன்னிரண்டு முனை இருப்பதால் அழுத்தம் மூலைக்கு அருகிலேயே விழும். நல்ல நிலையில் இருக்கும் போல்ட்டுக்கு அது போதும். துருப்பிடித்ததற்கும் ஏற்கெனவே தேய்ந்ததற்கும் ஆறு முக சாக்கெட்தான். 'கிரோம் வனேடியம்' என்ற எஃகு வகை முத்திரையை நம்பி வாங்காதீர்கள், என் மலிவுப் பெட்டியிலும் அது இருந்தது. கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு புது 17 போல்ட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். மாட்டி ஆட்டிப் பாருங்கள். நான் வாங்கிய டபாரியா ரிங்குகளில் ஆட்டம் மிகக் குறைவு.

முழு செட்டும் தேவைப்படாது. எட்டு ரிங் கொண்ட செட்டில் 6-7, 20-22 இரண்டையும் நான் தொடவே மாட்டேன். 8-9, 10-11, 12-13, 14-15, 16-17 ஆகியவற்றை ஒற்றையாக வாங்கினேன். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் 8, 10, 12, 14, 17 அளவுகளே திரும்பத் திரும்ப வரும். கூடவே 8, 10, 12 டி-ஸ்பேனர் மூன்று. அடிக்கடி கை போவது இவற்றுக்குத்தான்.

திருப்புளியிலும் இதே கதைதான். இந்த வண்டிகளில் வரும் ஸ்டார் ஸ்க்ரூ பல ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானிய அளவில் இருக்கும். சிலவற்றின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று தெரியும். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, திருப்பும்போது மேலே ஏறிவிடும். கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் வழிந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு மட்டும் ஜப்பானின் வெஸல் திருப்புளியை அதிக விலை கொடுத்து வாங்கினேன், கொடுத்த காசுக்குத் தகும். பெரிய ஸ்க்ரூவுக்கு 3-ஆம் நம்பர் முனை வேண்டும், 2-ஐ வைத்துச் சமாளிக்காதீர்கள்.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவுகள் கலந்து வரும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறைய பொருந்தும். அந்த 'ஏறக்குறைய'தான் மூலையைத் தின்பது. அவர்கள் சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைப் பக்கம் பழைய ஸ்பேனர் தேடினாலும் தப்பில்லை, வாய் விரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுக்க வேண்டும்.

கோக்கென் போன்ற ஜப்பானிய சாக்கெட்டுகளை நண்பர் வீட்டில் இரண்டு மூன்று முறைதான் பிடித்திருக்கிறேன். ராட்செட் சுழலும் நயம் கையிலேயே தெரிந்தது. மாதம் ஒருமுறை வேலை பார்க்கும் எனக்கு அந்த விலை கட்டுபடியாகவில்லை. தினமும் பத்து வண்டி பார்க்கும் மெக்கானிக்குக் கட்டுபடியாகலாம்.

அடுத்து வாங்கப்போவது எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச். டிரெயின் போல்ட்டைக் கைக்கணக்கில் முறுக்குவதில் எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. அதுவரை ஒவ்வொரு முறையும் வாஷரைப் புதிதாக மாற்றி, ரிங் ஸ்பேனரின் நடுவில் பிடித்துத்தான் முறுக்குகிறேன். பழைய பெட்டியில் 10 சாக்கெட்டும் ராட்செட்டும் மட்டும் பேட்டரி வேலைக்கென்று அலமாரியில் இருக்கின்றன.