கையால் வரைந்த வெக்டர் என்று சொல்லி ஃபில்டர் போட்டுத் தருகிறார்கள், கவனம்

ஃபோட்டோவைக் கொடுத்து, அதை நாலைந்து நிறத்தில் போஸ்டர் மாதிரி மாற்றி வாங்க நினைப்பவர்கள், மீதிப் பணத்தைக் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். வெக்டர் என்பது பிக்சல்களாக இல்லாமல் கோடும் உருவமுமாகச் சேமிக்கப்படும் படம், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

பாட்டியின் ஃபோட்டோ ஒன்றை அப்படி மாற்றி, பெரிதாகவும் டிஷர்ட்டிலும் ஸ்கிரீன் பிரிண்ட் போட வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். அதனால் நான்கே நிறம், பென் டூலால் (கோடுகளை ஒவ்வொன்றாக வரையும் கருவி) வரைந்த வெக்டர், அதைச் சேமிக்கும் எஸ்விஜி ஃபைல் என்று எழுத்திலேயே பேசி முடித்து, வரைந்து தருபவர் ஒருவருக்கு முன்பணம் கொடுத்தோம். வந்த மாதிரிப் படம் போனில் அழகாகவே இருந்தது. "எல்லாம் கையால வரைஞ்சதுதான் மேடம், மீதியைப் போட்டா ஒரிஜினல் ஃபைல் அனுப்பிடறேன்" என்றார். போட்டோம்.

அச்சுக்காரர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, நிறம் பிரிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். உள்ளே வரைந்த கோடு ஒன்றுகூட இல்லை. ஃபில்டர் போட்ட ஒரு பிஎன்ஜி படத்தை, அதாவது பிக்சல்களால் ஆன சாதாரணப் படத்தை, எஸ்விஜிக்குள் அப்படியே ஒட்டியிருந்தார்கள். பெயர்தான் வெக்டர், பெரிதாக்கினால் பிக்சல் பிக்சலாக உடைகிறது.

நான்கு நிறமும் நான்காக இல்லை. நிறப் படிகளைக் குறைக்கும் போஸ்டரைஸ் ஃபில்டரில் 4 என்று வைத்தால் நான்கு நிறம் வராது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியே நான்கு படிகளாகப் பிரிவதால் 64 நிறங்கள் வரை வரலாம். அதைவிட வலித்தது முகம். பாட்டியின் கண்ணாடி ஃபிரேமில் ஒரு பக்கம் பின்சுவரின் நிழலோடு கலந்து காணாமல் போயிருந்தது. ஃபில்டருக்குத் தெரிவது எந்தப் புள்ளி எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டும்தான். அது சுவரா, கண்ணாடியா, கன்னத்துச் சுருக்கமா என்று பார்த்து, எதை வைப்பது எதை விடுவது என்று முடிவெடுப்பது மனிதர்தான். நாங்கள் காசு கொடுத்ததே அந்த முடிவுக்குத்தான்.

புகார் சொன்னதும் வேறொரு ஃபைல் வந்தது. இந்த முறை ஆட்டோ ட்ரேஸ், அதாவது மென்பொருளே படத்தின் விளிம்புகளைத் தேடிக் கோடாக மாற்றியது. தாடை ஓரமெல்லாம் சின்னச் சின்னப் படிக்கட்டு. ஃபோட்டோக்களைச் சேமிக்கும் ஜேபெக் முறை, படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. நன்றாகச் சுருங்கிய படத்தை ட்ரேஸ் செய்தால் அந்தக் கட்டங்களின் விளிம்பும் உருவமாகிவிடும். ஆட்டோ ட்ரேஸையே நான் குறை சொல்லவில்லை. சுத்தமான லோகோவுக்கும் கோட்டோவியத்துக்கும் அருமையான வசதி அது. முகத்துக்கு அதை ஓட்டிவிட்டுக் கையால் வரைந்தேன் என்பதுதான் ஏமாற்று. அதன்பிறகு பதிலே இல்லை. பணமும் திரும்பவில்லை.

சோதிப்பது சுலபம். எஸ்விஜி என்பது வெறும் எழுத்துதான், நோட்பேடிலேயே திறக்கும். வரைந்த படம் என்றால் 'பாத்' (path) என்ற சொல்லும் அதைத் தொடர்ந்து எண்களும் இருக்கும். 'இமேஜ்' (image) என்று ஒரு சொல், அதன் பின்னால் பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்துக் குவியல் என்றால், உள்ளே ஒட்டுப்படம் இருக்கிறது. வெக்டர் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் விசையோடு ஒய் அழுத்தினால் நிறம் போய்க் கோடுகள் மட்டும் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப்பிலும் அவுட்லைன் காட்சி உண்டு. கையால் வரைந்ததில் மூக்கு, உதடு, கண்ணாடி என்று உருவங்கள் நிதானமாகப் பிரிந்து நிற்கும். ட்ரேஸ் என்றால் பொடிப்பொடியாக எக்கச்சக்கமான துண்டுகள். ஒட்டுப்படம் என்றால் ஒரே ஒரு பெட்டி. மீதிப் பணத்துக்கு முன் இந்த அவுட்லைன் காட்சியின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள். உண்மையாக வரைந்தவருக்கு அதை அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது வேறொருவர் வரைகிறார். அவர் முதலில் கேட்டதே, வாட்ஸப்பில் சுருங்கி வந்த நகல் வேண்டாம், கேமராவில் இருக்கும் மூலப் படம் கிடைக்குமா என்றுதான். பிறகு கண் பகுதியை மட்டும் வரைந்து காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போனார்.

இன்னொன்றையும் முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்: உங்கள் வீட்டார் முகத்தை அவர்கள் விளம்பரத்துக்குப் போடலாமா கூடாதா என்பது. அந்த முதல் ஆள் பாட்டியின் படத்தைத் தன் மாதிரிகளில் ஒன்றாக வைத்திருக்கிறார். எடுக்கச் சொல்லிக் கேட்டும் இன்னும் எடுக்கவில்லை.